இருபது செக்கன் பிந்தி வந்த கலியாணம்

நீர்வேலியில் முருகேசுவைக் கேளாமல் ஒரு கலியாணப் பந்தலுக்குக் கால் நட மாட்டார்கள். குலைவாழை எந்தத் தோட்டத்தில் வெட்டுவது, மேளம் யார், பந்திக்கு யார் முன்னிற்பது என்று எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். அப்பேர்ப்பட்டவரின் சொந்தத் தங்கை மகளுக்கு நாளைக்கு முகூர்த்தம். இன்றைக்கு அவரைக் கேளாமல் ஒருத்தி ஸ்கூட்டியில் வந்து பந்தலுக்குள் பெட்டி இறக்கிக்கொண்டு நிற்கிறாள். மனுசனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வராமல் என்ன செய்யும்?

"ஆர் பிள்ளை நீர்? வீடியோக்காரர் நாளைக்குத்தானே வருவினம்."

"நான் வேறை ஆள், ஐயா. உதயகலா. அச்சுவேலியிலை இருந்து வாறன். வித்தியாதான் வரச்சொன்னவ."

மணப்பெண் வித்தியா மருதாணி காயாத கைகளை விரித்துப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். "அண்ணாவுக்குக் காட்டத்தான் மாமா. கப்பலுக்கு."

அண்ணா என்றால் டிலக்ஷன். சரக்குக் கப்பலில் எஞ்சினியர். தங்கையின் கலியாணத்துக்குத் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துவர வேண்டியவன், இறங்க வேண்டிய துறைமுகத்தில் இறங்க முடியாமல் இப்போது மடகஸ்காருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. தாலி ஏறுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்குத்தானே முருகேசு ஏற்பாடு செய்திருந்தார். யாழ்ப்பாணப் பட்டணத்திலேயே பெரிய வீடியோக் கோஷ்டி. பறக்கிற கமெரா, தூக்கி இறக்குகிற கமெரா, பந்தலுக்கு நடுவில் பெரிய திரை, ஃபோர் கே லைவ். கனடாவில் இருக்கிறவர்கள் மாப்பிள்ளையின் மீசை மயிரை எண்ணலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் அவர் ஒப்புவித்தார். உதயகலா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கனடாவுக்கு அது வடிவாப் போகும், ஐயா. கப்பலுக்குப் போகாது. அவருக்கு அங்கை கிடைக்கிற இன்ரநெற் ஒரு நூல் அளவு. பெரிய படத்தை அனுப்பினால் அவருக்கு வட்டம்தான் சுத்தும். நான் சின்னப் படமா அனுப்புறன்."

"எவ்வளவு சின்னன்?"

அவள் ஆட்காட்டி விரலாலும் பெருவிரலாலும் ஒரு தீப்பெட்டி அளவைக் காட்டினாள்.

முருகேசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரெல்லாம் படத்தைப் பெரிசாக்குகிறது, இவள் சின்னதாக்கிக் காட்ட ஸ்கூட்டியில் பெற்றோல் அடித்து வந்திருக்கிறாள். அவள் கேட்ட மற்றவையும் அந்த மாதிரித்தான் இருந்தன. மணவறைக்குப் பின்னால் ஓடி ஓடி எரிகிற பல்புகளைத் தாலி கட்டும் நேரத்தில் நிற்பாட்ட வேண்டும். மினுங்குகிற சீலைக்குப் பதிலாக வெறும் சிவப்புச் சீலை தொங்க வேண்டும். அவளுடைய கமெரா வைத்த இடத்தை விட்டு அசையாது. கடைசியாக ஒன்று சொன்னாள். அதில்தான் மனுசன் வெடித்தார்.

"தாலி கட்டி முடியுமட்டும் ஆரும் பூவும் அட்சதையும் போடாமல் இருந்தால் நல்லது, ஐயா. ஒரு பத்துச் செக்கன்."

"பூப் போடாமல் தாலி கட்ட இது கச்சேரியிலை கையெழுத்து வைக்கிற பதிவுக் கலியாணமோ? கெட்டிமேளம் கேட்டால் எங்கடை சனத்துக்குக் கை தானா எழும்பும். நான் மறிக்கிறதோ? அறுநூறு பேரை?"

உதயகலா வாதாடவில்லை. அதுதான் அவளிடம் முருகேசு முதலில் கவனித்தது. தொலைபேசிக் கொம்பனி ஒன்றுக்காக எட்டு வருடம் ஒழுங்கை ஒழுங்கையாகச் சிக்னல் அளந்து திரிந்தவள் அவள். ஒழுங்கைக்கு ஒரு முருகேசுவைப் பார்த்திருப்பாள்.

"ஒருக்கா இந்தக் கதிரையிலை இருங்கோ, ஐயா," என்றாள்.

கமெராவை அவருக்கு நேரே வைத்தாள். கப்பலுக்கு எந்த அளவில் போகுமோ அந்த அளவில் அவருடைய முகத்தை ஒரு ஃபோனுக்கு அனுப்பி, அந்த ஃபோனை அவர் கையில் கொடுத்தாள். சின்னப் படந்தான், ஆனால் தெளிவாக இருந்தது. விபூதிக் குறி, மூக்குக் கண்ணாடி, நேற்றுத்தான் கறுப்படித்த மீசை, எல்லாம் தெரிந்தது. முருகேசு தன்னை அறியாமல் மீசையை ஒதுக்கினார்.

"இப்ப பாத்துக்கொண்டிருங்கோ."

உதயகலா கண்காட்ட, முருகேசுவின் மனைவி பூரணம் தட்டில் ஆய்ந்து வைத்திருந்த பூவிலும் அரிசியிலும் இரண்டு கையும் நிறைய அள்ளி அவர் முகத்துக்கு முன்னால் எறிந்தாள். படத்தில் முருகேசு உடைந்து போனார். முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது. மீசை ஒரு பக்கம் போனது, கண்ணாடி இன்னொரு பக்கம். நெற்றி இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டிகள் நின்றன. பூ விழுந்து முடிந்து மூன்று நான்கு செக்கனுக்குப் பிறகுதான் மனுசன் ஒருவாறு ஒன்று சேர்ந்தார்.

பூரணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வித்தியாவும் சிரித்தாள். முருகேசு சிரிக்கவில்லை.

"ஏன் உப்பிடி?"

"முழுப் படத்தையும் திருப்பித் திருப்பி அனுப்புறேல்லை, ஐயா. முதல் ஒருக்கா முழுசா அனுப்பும். பிறகு எந்த இடம் மாறினதோ அதை மட்டும் சொல்லிக்கொண்டு போகும். நீங்கள் சும்மா இருந்தால் சொல்லக் கனக்க இல்லை. பூ விழேக்கை ஒரேயடியா எல்லா இடமும் மாறுது. அவ்வளவையும் சொல்ல அந்த நூல் காணாது." அவள் நிலத்தில் கிடந்த பூவைப் பொறுக்கத் தொடங்கினாள். "தாலி கட்டுற நேரம் பாத்துத்தான் எல்லாரும் எறியிறது. அதாலை எந்தக் கலியாணத்திலும் அந்த இடந்தான் உடையிறது. இந்த வேலை தொடங்கின முதல் ரெண்டு வருசம் நானும் உப்பிடி உடைச்சுத்தான் குடுத்தனான். பிறகுதான் விளங்கினது."

தன் பிழையை இப்படி வெளிப்படையாகச் சொல்கிற ஆளை முருகேசு அதிகம் கண்டதில்லை. கண்ணாடி பார்த்தால்கூட அப்படி ஓர் ஆள் அவருக்குத் தெரிவதில்லை.

"டிலக்ஷனும் சொன்னவர்," என்றாள் அவள், பூவைத் தட்டில் போட்டபடி. "மூண்டு நாளா அவரோடை சோதிச்சுப் பாத்தனான். முந்தி எப்பவாவது கப்பலிலை லைவ் பாத்தனீங்களோ எண்டு கேட்டன். அப்பான்ரை செத்தவீடு பாத்தவராம். வாய்க்கரிசி போட்ட நேரம் முழுக்கச் சதுரமாம். கொள்ளி வைச்சதும் தெரியேல்லையாம். பறைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தவராம்."

அவளுக்குத் தெரியாது. அந்த லைவை ஒழுங்கு செய்தது முருகேசு. இரண்டு வருடத்துக்கு முன்னால் மச்சான் தம்பிஐயா நெஞ்சு நோவென்று சாய்ந்தபோது, மகன் கடலில் இருந்தான். பெறாமகன் முறையான ஒருவன் கொள்ளி வைத்தான். "தம்பி பாக்கவேணும், ஆகத் திறமான லைவ் வேணும்" என்று நின்று பிடிவாதமாக ஒழுங்கு செய்தவர் அவர்தான். மறுநாள் டிலக்ஷன் ஃபோனில் சொன்னது அவருக்கு இன்னும் காதில் நின்றது. "வடிவாத் தெரிஞ்சது மாமா. பக்கத்திலை நிண்ட மாதிரி இருந்தது." அதை இந்த இரண்டு வருடமும் அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்!

மாமன் மனம் நோகக்கூடாது என்று அந்தப் பிள்ளை பொய் சொல்லியிருக்கிறான். தகப்பனின் முகத்தைக் கடைசியாகச் சாம்பல் கட்டிகளாகப் பார்த்துவிட்டு, வடிவாகத் தெரிந்தது என்று சொல்லியிருக்கிறான். முருகேசு எழுந்து தன் வாழைத் தோட்டத்துப் பக்கம் போனார்.

வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக் கட்டிக்கொண்டு நின்றவருக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அறுநூறு பேரின் கையைக் கட்ட முடியாது. சொன்னாலும் கேட்க மாட்டார்கள். முன்வரிசைக் கிழவிகள் கெட்டிமேளத்துக்கு முன்னமே எறியத் தொடங்குவார்கள். இப்படியே யோசித்து நிமிர்ந்தவர், பொலித்தீன் பையால் மூடிக் கட்டியிருந்த கப்பல் வாழைக்குலை ஒன்றைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கிளியும் அணிலும் குலையைக் கொத்துகின்றன என்று ஒரு காலத்தில் அவரும் தகரம் தட்டிக் கலைத்துத் திரிந்தவர்தான். பிறகு குலையை மூடிக் கட்டிவிட்டார். கிளி வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடுவதைக்கூடப் பாராமல் பந்தலுக்குத் திரும்பினார்.

"பிள்ளை, சனம் பூப் போடட்டும். பொம்பிளை மாப்பிளைக்கு மேலை நான் குடை பிடிக்கிறன். மாப்பிளை அழைக்க எடுத்த சிவப்புப் பட்டுக்குடை கிடக்கு. பூ அதிலை விழும். உம்மடை படத்திலை விழாது. காணுமோ?"

உதயகலா அவரைப் பார்த்தாள். பிறகு மணவறையைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் கமெராவைத் தூக்கினாள். அன்று பின்னேரம் முழுக்க அவள் வேலை செய்ததை முருகேசு கதிரை போட்டு இருந்து பார்த்தார். இடையிடையே அவரை எழுப்பிக் குடையை விரித்துப் பிடிக்கச் சொன்னாள், சரிக்கச் சொன்னாள், இன்னும் ஒரு சாண் என்றாள். குடைக்குக் கீழே இருட்டும் என்று மணவறைக் காலில் ஒரு சின்ன வெளிச்சம் கட்டினாள். பெண்ணின் பிடரியும் மாப்பிள்ளையின் இரண்டு கையும் மட்டும் படத்தில் நிற்கிற மாதிரிக் கமெராவைக் கிட்டக் கொண்டுவந்தாள். தண்ணீர்த் தாங்கிக்கு மேலே அவளே ஏறி அன்ரனா பூட்டினாள். இரண்டு கொம்பனிச் சிம்மை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று படுத்தால் மற்றது இழுக்கும் என்றாள். தாலி கட்டும்போது பந்தலில் நிற்கிற அத்தனை பேரும் தங்கள் ஃபோனில் லைவ் போடுவார்கள், அப்போது சிக்னலுக்கு மூச்சுத் திணறும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வேலை தெரிந்த கை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு சுகம் என்பது முருகேசுவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இன்னொண்டு, ஐயா. அவர் பாக்கிறது இருபது செக்கன் பிந்தித்தான்."

"ஏன், நேர பாக்கேலாதோ?"

"உங்கடை தாங்கி மாதிரித்தான். தாங்கியிலை தண்ணி நிண்டால், கறண்ட் போய் மோட்டர் நிண்டாலும் பைப் கொஞ்ச நேரம் ஓடும். நான் இருபது செக்கன் படத்தை நிறைச்சு வைச்சுக்கொண்டு திறந்து விடுறன். லைன் இடையிலை விழுந்தாலும் அவருக்கு நிக்காது."

மற்ற விளக்கமெல்லாம் போக, தாங்கியும் மோட்டரும் முருகேசுவுக்குச் சட்டென்று பிடிபட்டன. "அப்ப நிறைய விடும்," என்றார்.

மறுநாள் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. வித்தியாவின் தாய் குணலட்சுமி கைம்பெண் என்பதால் மணவறைக்கு ஏறவில்லை. முறைப்படி முருகேசுவும் பூரணமும் இருந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பெற்ற தாய் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரமாக ஒதுங்கியவளை உதயகலா கையைப் பிடித்துக் கூட்டிவந்து, மணவறையிலிருந்து பத்தடி தள்ளி இருந்த தன் மேசைக்கு முன்னால் இருத்தினாள். மகனுடைய குரல் வருகிற ஃபோனை அவள் கையிலேயே கொடுத்தாள். தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டம் சபையைச் சுற்றி ஆசி வாங்கி வந்தது. ஓடுகிற பல்புகள் நின்றன. முருகேசு எழுந்து பட்டுக்குடையை விரித்தார்.

சபையில் ஒரு சலசலப்பு. பந்தலுக்குள்ளே குடையா? வெயிலா மழையா? முருகேசுவுக்கு என்ன வந்தது என்று யாரோ கேட்டது அவர் காதிலும் விழுந்தது. நேற்றைய முருகேசு என்றால் திரும்பி இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். ஐயர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "உதென்ன முறை?" என்றார்.

"கடலிலை நிக்கிற தோழனுக்கு, ஐயா."

ஐயர் ஒரு கணம் யோசித்தார். "அம்பாளுக்கே குடை பிடிக்கிறம். பிடியும்," என்று சொல்லிவிட்டுத் தாலிக்கொடியை எடுத்து மாப்பிள்ளை பிரவீணனிடம் கொடுத்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. பூவும் அரிசியும் நாலா பக்கமும் இருந்து வந்து பட்டுக்குடையில் மழைபோலச் சடசடத்தன. குடைக்குக் கீழே ஒரு மணிகூட விழவில்லை. அங்கே பெண், மாப்பிள்ளை, குடை பிடித்த மாமன் மூவர் மட்டும் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சத்துக்குள் இருந்தார்கள். பிரவீணன் பொன் கொடியைப் பெண்ணின் கழுத்தில் போட்டுப் பிடரியில் அதன் பூட்டை மாட்டப் பார்த்தான். வழுக்கியது. மறுபடி பார்த்தான், மறுபடியும் வழுக்கியது. வித்தியா தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். என்ன நடக்கிறதோ என்று முருகேசுவும் பெண்ணின் பிடரிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்க் குனிந்தார். மூன்றாம் தரம் பூட்டு விழுந்தது.

அந்தச் சத்தம் அவருக்கு அந்த மேளத்துக்குள்ளும் கேட்டது போலிருந்தது. தம்பிஐயா இருந்து பார்க்க வேண்டிய இடம், டிலக்ஷன் நிற்க வேண்டிய இடம். இரண்டையும் நிரப்பிக்கொண்டு தான் ஒருவன் குடையும் கையுமாக நிற்கிறேனே என்று நினைத்தார். மச்சானின் செத்தவீட்டில்கூட ஒரு சொட்டு விடாத மனுசன். அதை அவரே பெருமையாகச் சொல்வார். இப்போது கண்ணாடிக்குள்ளால் வழிந்து மீசைக்கு வந்தது. குடை மறைத்தபடியால் அறுநூறு பேரில் ஒருவரும் காணவில்லை. தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் குடையோடேயே மணவறையை விட்டு இறங்கி உதயகலாவின் மேசைக்கு நடந்தார். பூரணம் கூப்பிட்டதும் கேட்கவில்லை.

உதயகலாவின் திரையில், நிறைத்து வைத்த படத்தில் எத்தனை செக்கன் மிச்சம் என்ற எண் இறங்கிக்கொண்டிருந்தது. பதினொன்று. ஒன்பது. ஏழு.

"ஒரு சிம் படுத்திட்டுது, ஐயா. எல்லாரும் லைவ். தாங்கி இறங்குது." அவள் குரல் உயரவில்லை. விரல்கள் மட்டும் ஓடின. படத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கினாள். செக்கனுக்கு இருபது படம் போனதைப் பத்தாக்கினாள். நான்கு. மூன்று. மூன்றிலேயே எண் சற்று நின்றது. பிறகு நான்கு. ஆறு.

"போகுது," என்றாள். "இப்பதான் அவருக்குத் தாலி கட்டுற இடம் வரும்."

"மாமாவும் பக்கத்திலை வந்திட்டார், தம்பி," என்றாள் குணலட்சுமி கையிலிருந்த ஃபோனில். அதில் கப்பல் எஞ்சினின் உறுமல் மட்டும் கேட்டது. மணவறையில் எல்லாம் முடிந்து மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கே மூன்று பேர், முடிந்துபோன ஒன்று நடக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.

"வடிவாத் தெரியுது மாமா," என்றது ஃபோன்.

முருகேசு ஃபோனை உற்றுப் பார்த்தார். அதே சொல், அதே குரல். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டதும் இதைத்தான். இனி இந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் எப்படி நம்புவது? அவர் உதயகலாவைப் பார்த்தார். அவளும் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அனுப்பியது அங்கே உடையாமல் தெரிகிறதா என்று இந்தக் கரையில் நிற்கிற அவளுக்கும் தெரியாது.

"பூட்டு வழுக்குது," என்றான் டிலக்ஷன். சிரிக்கிறான். "உவருக்குக் கை நடுங்குது. திருப்பியும் வழுக்கிப் போட்டுது. ஆ... வித்தியா குனிஞ்சு குடுக்கிறாள். விழுந்திட்டுது. அம்மா, பூட்டு விழுந்திட்டுது."

குணலட்சுமி ஃபோனைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

கப்பலில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

"மாமா," என்றான் டிலக்ஷன், குரலைத் தாழ்த்தி. "நீங்கள் அழுறியள்."

குணலட்சுமி நிமிர்ந்து தன் தமையனைப் பார்த்தாள். பக்கத்துக் கதிரைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். விரித்த குடையின் மேலிருந்து பூவும் அரிசியும் உதிர்ந்து அவர் தோளில் விழுந்தன.

"ஓமடா தம்பி," என்றார் முருகேசு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அழுதனான்தான்."